அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு பீரோ சாவி: ஷாட்டையும் கதையையும் சேர்த்துப் படிப்பது

1895-இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த குட்டிப் படம் ஒன்று இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஓடாது. தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றுபோகிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது பையன் காலை எடுத்துவிடுகிறான். பிறகென்ன, முகமெல்லாம் தண்ணீர். துரத்திப் போய்ப் பையனைப் பிடித்து, கேமராவுக்கு முன்னால் இழுத்து வந்து நாலு சாத்து சாத்துகிறார். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று.

இதில் கட் கிடையாது, க்ளோஸ்-அப் கிடையாது, கேமரா நகரவும் இல்லை. பையனை இவ்வளவு தூரம் இழுத்து வருவதுகூட அதனால்தான், ஓடிப்போனவன் பின்னால் கேமரா போகாது, அவன் அடி வாங்குவதை நாம் பார்க்க வேண்டுமென்றால் அவன்தான் திரும்பி வந்தாக வேண்டும். இவ்வளவு வறட்சியிலும் சிரிப்பு வருகிறதே, எப்படி? குழாயின்மேல் கால் இருப்பது நமக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் விழுகிற மாதிரி கேமராவை வைத்ததால் கிடைத்த சிரிப்பு இது. அவர் முகத்தை மட்டும் காட்டியிருந்தால் தண்ணீர் நின்றதும் நாமும் அவரைப் போலவே முழித்திருப்போம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இது இரண்டு தனித்தனிப் பாடமாக வந்து சேரும். ஷாட், ஆங்கிள், எடிட்டிங் எல்லாம் ஒரு பக்கம். ப்ராப், தோடரோவ், ஜெனெட் என்று வாயில் நுழையாத பெயர்களோடு கதையாடல் கோட்பாடு இன்னொரு பக்கம். கோட்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள், ஷாட்டை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே செய்யாது. க்ளோஸ்-அப் எதற்கு வைத்தாய் என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்று பதில் வரும். எனக்குத் தெரிந்தவரை இரண்டு பாடத்திலும் கேள்வி ஒன்றுதான்: எது, யாருக்கு, எப்போது தெரிய வருகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்போம்.

அதற்கு ஒரு கதை வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பாட்டி. பீரோ சாவியை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். பேரன் அதைப் பார்த்துவிடுகிறான். இரவு எல்லாரும் தூங்கியபின் சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, ஒரு ஜோடி வளையலை எடுத்துக்கொள்கிறான். விடிந்ததும் அடகுக் கடை. வீட்டில் பாட்டி தாளிக்கப் போகிறாள், கடுகில் கையை விடுகிறாள், சாவி இல்லை. அவ்வளவுதான்.

இப்போது நான் சொன்னது, நடந்தது நடந்தபடி. 1920-களில் ரஷ்ய உருவவாதிகள், அதாவது கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று ஆராய்ந்தவர்கள், இதை ஃபாபுலா என்றார்கள், கதையை நீங்கள் எந்த வரிசையில், எதை விட்டு, எதை நீட்டிச் சொல்கிறீர்களோ அது சுஷெட். தமிழில் கதை, கதைப்பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம், நம் ஊரில் உதவி இயக்குநர்கள் ஒன்லைன் என்றும் திரைக்கதை என்றும் பேசிக்கொள்வதில் பாதி இதுதான். பார்க்கிறவர் திரையில் காண்பது சுஷெட்டை மட்டும்தான். ஃபாபுலாவை அவர் தன் தலைக்குள் தானே கட்டிக்கொள்கிறார். அந்தக் கட்டுமான வேலையை அவருக்கு எவ்வளவு சுலபமாக்குவது, எவ்வளவு கஷ்டமாக்குவது என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

சரி, பாட்டி கதையை மூன்று விதமாக அடுக்கிப் பார்க்கலாம். பேரன் சாவியை எடுப்பதைக் காட்டிவிட்டு அப்புறம் பாட்டி அடுப்படிக்குப் போவதைக் காட்டினால், அவள் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் நமக்கு வயிற்றைப் பிசையும், அவள் வெங்காயம் நறுக்குவதைக்கூடப் பதற்றத்தோடு பார்ப்போம். பேரனைக் காட்டவே இல்லை, பாட்டி கையை விடுகிறாள், சாவி இல்லை என்றால் அது ஒரு திடுக்கிடல், அதன்பின் யார் எடுத்தது என்ற துப்பறிதல். மூன்றாவதாக, அடகுக் கடையில் தொடங்குகிறோம். யாரோ ஒரு பையன் வளையலை நீட்டுகிறான், கடைக்காரர் உரைத்துப் பார்க்கிறார், "யாரோடது தம்பி?" என்கிறார், பையன் பதில் சொல்வதற்குள் கட். இங்கே என்ன நடக்கிறது என்பதே கேள்வி. ஒரே சம்பவம், ஒரே நடிகர்கள், வரிசை மட்டும் வேறு.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் அளவுக்கு எளிமையாக யாரும் சொன்னதில்லை. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரைப் பேட்டி கண்ட புத்தகம் 1966-இல் வந்தது, அதில் ஒரு மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், குண்டு இருப்பது நமக்கும் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது: பார்க்கிறவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்பே நமக்குக் காட்டிவிட்டு, அதே வெட்டிப் பேச்சை ஓடவிட்டால் 15 நிமிடப் பதைபதைப்பு. அவர் சொல்லும் கணக்கு இதுதான். ஒன்றைக் கவனியுங்கள், குண்டைக் காட்டியபின் அந்த வெட்டிப் பேச்சே சுவாரசியமாகிவிடுகிறது. வசனத்தை மாற்றி எழுத வேண்டியதே இல்லை. காட்சி மந்தமாக இருக்கிறது என்று வசனத்தில் பஞ்ச் ஏற்றுகிறவர்கள் முதலில் மேஜைக்கு அடியில் எதையாவது வைத்துப் பார்க்கலாம்.

இனி ஷாட்டுக்கு வருவோம். பாட்டி தாளிக்கும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள், பேரன் எடுத்தது நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு. முதலில் ஒரு வைட்: அடுப்படி முழுதும், அடுப்பில் வாணலி, மேடையில் அஞ்சறைப் பெட்டி, வாசற்படியில் சாய்ந்துகொண்டு பல் தேய்க்கும் பேரன். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எது கண்ணில் படும் என்பதை இந்த ஒரு ஷாட் சொல்லிவிடுகிறது, தோட்டக்காரரையும் பையனையும் ஒரே ஃபிரேமில் வைத்த அதே வேலை. அடுத்து மிட் ஷாட்டில் பாட்டி எண்ணெய் ஊற்றுகிறாள். பிறகு இன்சர்ட்: கை கடுகுக் கிண்ணத்துக்குள் போகிறது. விரல்கள் அள்ளுவதற்குப் பதில் துழாவுகின்றன. இந்த இடத்தில் க்ளோஸ்-அப் வைக்கக் காரணம் அழகு இல்லை, சாவி அங்கே இருக்க வேண்டியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது, அதோடு துழாவுவதும் அள்ளுவதும் வைடில் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் பேரனின் முகம், பிரஷ் நின்றுவிட்டது.

சத்தத்தை யோசித்தீர்களா? எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகு விழுந்து படபடவென்று பொரிய வேண்டிய நேரம். பொரியவில்லை. வாணலியிலிருந்து புகை கிளம்புகிறது, பாட்டி அசையாமல் நிற்கிறாள். தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பொரியாத கடுகின் அமைதி என்னவோ சரியில்லை என்று சொல்லிவிடும். பின்னணி இசையைப் போட்டு இதைக் கெடுக்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்தப் பேரனின் முகத்துக்கு வருகிறேன். நடிக்கத் தெரியாத நண்பனைத்தான் பிடித்து நிறுத்தியிருப்பீர்கள், பரவாயில்லை. ரஷ்யப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில், ஃபிலிமுக்கே தட்டுப்பாடாக இருந்த மாஸ்கோவில், லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்துக்கொண்டு, அதே ஷாட்டை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அவர் சூப்பை மறந்த யோசனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தார்களாம். இது குலெஷோவோடு வேலை செய்த புதோவ்கின் எழுதிவைத்திருப்பது, அந்தச் சுருள் இன்று கையில் இல்லை. அப்படியே நடந்ததா, கொஞ்சம் மசாலா சேர்ந்ததா என்ற விவாதம் இருந்தாலும் எடிட் டேபிளில் உட்கார்ந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். உங்கள் நண்பன் மூஞ்சியை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வைத்துக்கொள்ளட்டும், கடுகில் துழாவும் விரல்களுக்கு அடுத்து அதை ஒட்டுங்கள், குற்றவுணர்ச்சி தானாக வந்து உட்காரும். அவனே புருவத்தை நெரித்து நடித்தால்தான் கெட்டுப்போகும்.

இரண்டு ஷாட்டை ஒட்டும்போது பார்க்கிறவர் மூன்றாவதாக ஒன்றைத் தானே செய்துகொள்கிறார் என்றால், தப்பாக ஒட்டினால் தப்பாகவும் செய்துகொள்வார். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். என் முதல் குறும்படத்தில் அப்பாவும் மகளும் கோயில் குளப் படிக்கட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். அப்பாவுக்கு சஜஷன், அதாவது மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஷாட், வைத்து எடுத்தாயிற்று. மகளுக்கு எடுக்கப் போகும்போது பின்னணியில் குப்பைத்தொட்டி தெரிகிறது என்று கேமராவைத் தூக்கி எதிர்ப் பக்கம் வைத்துவிட்டேன். குப்பைத்தொட்டி போய்விட்டது. ஒட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் வலது பக்கமே பார்க்கிறார்கள், ஒருவரோடொருவர் பேசுவதாகவே இல்லை, பக்கத்தில் மூன்றாவதாக ஒருத்தர் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் அவரிடம் இருவரும் முறையிடுகிற மாதிரியும் இருந்தது. திரையிட்டபோது முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே "யாரு சார் அந்த மூணாவது ஆள்?" என்று கேட்டார்.

இமேஜினரி லைன், அல்லது 180 டிகிரி விதி என்பது இதைத்தான். பேசும் இருவரில் ஒருவரிலிருந்து மற்றவர்வரை தரையில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், கோட்டுக்கு ஒரு பக்கமாகவே கேமராவை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ரைட் லுக் என்றால் மற்றவருக்கு லெஃப்ட் லுக். தாண்ட வேண்டுமென்றால் கேமராவை நகர்த்தியபடியே தாண்டலாம், நடிகரை எழுந்து நடக்கவிடலாம், நடுவில் குளத்தையோ தூணையோ ஒரு ஷாட் வைக்கலாம். ஜப்பானிய இயக்குநர் ஓசு இந்தக் கோட்டைச் சட்டையே செய்யாமல் வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தார் என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். அவர் ஒரு படத்தில்கூடக் குப்பைத்தொட்டிக்குப் பயந்து தாண்டவில்லை.

இடம் குழம்பாமல் இருக்க ஒரு விதி இருக்கிறது, காலத்துக்கு? இன்று ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டினால் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். ஆரம்பத்தில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்து 1903-இல் வெளிவந்த தீயணைப்பு வீரர் படத்தில், எரியும் வீட்டுக்குள்ளிருந்து தாயையும் குழந்தையையும் மீட்பதை முதலில் உள்ளிருந்து முழுசாகக் காட்டுவார். முடிந்ததும் அதே மீட்பை வெளியிலிருந்து மறுபடி முதலிலிருந்து முழுசாகக் காட்டுவார்! உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி வெட்டிய ஒரு பிரதியும் பல காலம் சுற்றிக்கொண்டிருந்தது, அதை வைத்து ஆகா, 1903-இலேயே இப்படியா என்று சினிமா வரலாற்றில் எழுதியும் விட்டார்கள். காப்புரிமைக்காகக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்த பிரதியோடு ஒப்பிட்டபோதுதான் அது பின்னால் யாரோ வெட்டி ஒட்டியது என்று தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே, 1909 வாக்கில், கிரிஃபித் என்ற அமெரிக்க இயக்குநர், வீட்டுக்குள் நுழையும் திருடர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட தாயும் பெண்களும், வீட்டை நோக்கி ஓடிவரும் அப்பா என்று மூன்றையும் மாற்றி மாற்றி வெட்டிப் பார்ப்பவரை இருக்கை நுனிக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்டர்கட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

ஜெனெட் என்ற பிரெஞ்சுக்காரர் 1972-இல் கதையில் காலத்தை மூன்றாகப் பிரித்தார்: வரிசை, நீளம், எத்தனை முறை. வரிசையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நீளம் என்றால், பாட்டி கடுகில் துழாவிய 3 விநாடியை 20 விநாடியாக இழுப்பதும், பேரன் அடகுக் கடைக்கு நடந்த அரைமணி நேரத்தை ஒரு கட்டில் விழுங்குவதும். எத்தனை முறை என்பதற்குப் போர்ட்டரின் மீட்பே உதாரணம், நடந்தது ஒருமுறை, சொன்னது இருமுறை. அவர் வேறு வழி தெரியாமல் செய்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர், ஆம், வீணை பாலசந்தர்தான், இயக்கிய 'அந்த நாள்' பாருங்கள். பாட்டே கிடையாது. படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். அப்புறம் விசாரணை. வருகிற ஒவ்வொருவரும் நடந்தது இப்படி இருக்கலாம் என்று ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் அந்தச் சாவுக்கு ஒரு புதுக் காரணம் முளைக்கும். யார் சுட்டார் என்று நான் சொல்லப் போவதில்லை. கடைசியில் அவர்களில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஒரு செமஸ்டர் பாடம் அதிலேயே இருக்கிறது.

தோடரோவும் ப்ராப்பும் பாக்கி. தோடரோவ் சொல்வது சுருக்கம்: ஒரு சமநிலை, அது கலைகிறது, கலைந்தது தெரியவருகிறது, சரிசெய்ய முயற்சி, புதிதாய் ஒரு சமநிலை. தோட்டக்காரர் படத்தில் ஐந்தும் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இதில் மாணவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போவது மூன்றாவதைத்தான். கலைவதும் கலைந்தது தெரிவதும் வேறு வேறு நேரத்தில் நடக்கலாம். பாட்டி வீட்டில் சமநிலை இரவே கலைந்துவிட்டது, அவளுக்குத் தெரிவது காலையில். அந்த இடைவெளியில்தான் நம் படம் முழுக்க நடக்கிறது.

ப்ராப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 1928-இல் அவர் நூறு ரஷ்ய மாயாஜாலக் கதைகளை எடுத்து அலசி, எல்லாவற்றிலும் 31 செயல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, எல்லாம் எல்லாக் கதையிலும் வராவிட்டாலும் வருகிறவை ஒரே வரிசையில் வருகின்றன, அவற்றைச் செய்கிறவர்கள் ஏழு வகைதான் என்று காட்டினார். பிரமாதமான வேலை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு கையில் கிடைத்த படத்திலெல்லாம் இவர் வில்லன், இவர் உதவியாளர், இது பதினோராவது செயல் என்று டிக் அடிப்பதில் என்ன கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எழுதும்போது எனக்கு உதவுவது அதில் ஒன்றிரண்டுதான். இரண்டாவது செயல் தடை, மூன்றாவது தடையை மீறுதல். "பீரோ பக்கம் போகாதேடா" என்று பாட்டி ஒருமுறை சொல்லட்டும், சும்மா சொல்கிற மாதிரி. சொன்ன மறுகணமே பார்க்கிறவர் மனதில் பீரோ திறந்துவிடும்.

இதை நீங்களே செல்போனில் எடுத்துப் பாருங்கள். ஒரு அடுப்படி, இரண்டு பேர், பத்துப் பன்னிரண்டு ஷாட் போதும். எடுத்து முடித்ததும் இன்னும் ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்: இரவு, இருட்டு, போர்வைக்குள் பாட்டி, கண்கள் திறந்திருக்கின்றன. பேரன் பீரோவைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த ஷாட்டை எங்கே வைப்பது? திருட்டு நடக்கும்போதே வைத்தால் பாட்டிக்கு எல்லாம் தெரியும், காலையில் கடுகில் துழாவுவது அவள் ஆடும் நாடகம், இப்போது மாட்டிக்கொண்டிருப்பது பேரன், நாம் பாட்டி பக்கம். வைக்காமலே விட்டால் அவள் ஏமாந்த கிழவி. படத்தின் கடைசியில் வைத்தால் அதுவரை பார்த்த எல்லாவற்றையும் பார்க்கிறவர் தன் தலைக்குள் மறுபடி அடுக்கியாக வேண்டும்.

நான் ரொம்ப நாள் கடைசியில்தான் வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு பெண் எடுத்து வந்ததில் அந்த ஷாட் முதல் ஷாட்டாகவே இருந்தது. இருட்டு, திறந்த கண்கள், எங்கேயோ ஒரு பீரோ கிறீச்சிடுகிறது, கட் செய்தால் விடிந்துவிட்டது, அடுப்பில் எண்ணெய் காய்கிறது.